சொன்ன நேரத்துக்கு வந்தவர்கள்

"பந்தியில சோறு பத்தாமப் போச்சா, இல்லையா? அதை மட்டும் மறைக்காமச் சொல்லுங்க தங்கச்சி."

நாற்காலியில் உட்கார்ந்ததும் உட்காராததுமாகக் கேட்டார் ஞானராஜ். ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். இளைய மகள் வினோலியாவுக்கு அடுத்த மாதம் கல்யாணம். சமையல்காரர் சோலைமுத்து எப்படிப்பட்டவர் என்று விசாரிக்க, முன்பு அவர் சமைத்த கல்யாண வீட்டைத் தேடித் திண்டுக்கல்லிலிருந்து எரியோட்டுக்கு வேகாத வெயிலில் பஸ் ஏறி வந்திருந்தார்.

"பத்தாமையா? மிஞ்சிப் போச்சு சார்" என்றாள் புஷ்பமேரி. "ஐநூறு பேருக்குச் சமைக்கச் சொல்லியிருந்தோம். அண்டா அண்டாவா மிஞ்சிப் போச்சு."

ஞானராஜுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன்னால் மூத்தவள் கல்யாணத்தில் இரண்டாவது பந்தியிலேயே பிரியாணி அண்டா காலி. சமையலுக்கு வந்த பாவி, போனை அணைத்துவிட்டு ஓடியே போனான். சம்பந்தி வெறும் இலையைப் பார்த்துவிட்டு எழுந்து போனார். 'சோறு போட வக்கில்லாத வீட்டுப் பொண்ணு' என்று மாமியார்க்காரி இன்றைக்கு வரைக்கும் மூத்தவளைக் குத்திக் காட்டுகிறாள். சின்னவளுக்கும் அந்தத் தலையெழுத்து வந்தால் தான் உயிரோடு இருந்து என்ன பிரயோசனம்? சூடு கண்ட பூனை அல்லவா! மண்டபம், பேண்டு, பூ, போட்டோ என்று ஒருத்தர் பாக்கியில்லாமல், அவர்கள் வேலை செய்த வீடுகளுக்கே போய் விசாரித்து முடித்திருந்தார். மிச்சம் சமையல்தான்.

"சொன்ன நேரத்துக்கு வந்தாரா?"

"காலையில நாலு மணிக்கெல்லாம் அடுப்பைப் பத்த வச்சிட்டாரு."

"ருசி?"

"பிரியாணி, தால்ச்சா, மத்த வெஞ்சனம், எதுலயும் ஒரு குத்தம் சொல்ல முடியாது."

"மிஞ்சினதை அவரு ஆளுங்க அள்ளிட்டுப் போயிட்டாங்களோ?"

"சேச்சே! அம்புட்டையும் வேன்ல ஏத்தி, முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோய் அவரே பரிமாறிட்டு வந்தாரு. பேசின கூலியில பாதிதான் வாங்கிக்கிட்டாரு. நான் எம்புட்டோ சொன்னேன், கேக்கலை."

ஞானராஜின் புருவம் நெரிந்தது. ஆஹா, இது கொஞ்சம் ஓவராக இருக்கிறதே! பாதிக் கூலி போதும் என்கிற சமையல்காரர் எந்த உலகத்தில் இருக்கிறார்? ஒருவேளை இவள் கமிஷன் வாங்கிக்கொண்டு பேசுகிறவளோ? அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தார். ஆள் பிடிக்கிறவளின் சிரிப்பு அதில் இல்லை. சொல்லப்போனால் அவர் வந்ததிலிருந்து அவள் சிரிக்கவே இல்லை.

உள்ளேயிருந்து ஒரு பெண் காபி கொண்டுவந்து வைத்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"எம்மக லிடியா. இவ கல்யாணத்துக்குத்தான் அவரு சமைச்சது."

"லீவுக்கு வந்திருக்கியாம்மா?" என்று கேட்டார் ஞானராஜ்.

"இங்கதான் இருக்கா" என்று மகளுக்குப் பதில் அம்மாவே சொன்னாள். மாமியார் வீட்டில் என்ன மனஸ்தாபமோ என்று வாத்தியார் மேற்கொண்டு கேட்கவில்லை. தன் மூத்தவளின் ஞாபகம் வந்து, காபி கசந்தது.

"ஆளு நாணயமானவருதான் தங்கச்சி. நேத்து கல்யாணப் பத்திரிகையைக் குடுத்து அட்வான்ஸையும் நீட்டினேன். பணத்தைத் தொடவே இல்லை. 'மொதல்ல எரியோட்டுல புஷ்பமேரியம்மாவைப் பாத்துட்டு வாங்க சார், அப்புறம் பேசிக்கலாம்'னுட்டாரு. இன்னும் ரெண்டு வீட்டு விலாசம் குடுங்கன்னேன். 'அந்த ஒரு வீடு போதும்'னுட்டாரு. தொழில்ல அம்புட்டு நம்பிக்கை!"

புஷ்பமேரி காபி டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள்.

ஞானராஜ் மனநிறைவோடு எழுந்தார். பையிலிருந்து ஒரு பத்திரிகையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார்.

"நீங்க குடும்பத்தோட வந்து நிக்கணும். கோயில்ல கல்யாண அறிவிப்பு ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. வர்ற ஞாயித்துக்கிழமை மூணாவது. 'தடை இருந்தா யாரும் சொல்லலாம்'னு சாமியார் பூசையில கேட்டாரு, ஒருத்தரும் வாயைத் திறக்கலை. ஆண்டவர் கிருபையில எல்லாம் நல்லபடியா நடக்குது."

புஷ்பமேரி பத்திரிகையைப் பிரித்தாள். அவள் விரல் ஒவ்வொரு வரியாக இறங்கியது. மாப்பிள்ளை பெயர் பிரின்ஸ், அவன் அப்பா பெயர், ஊர். மறுபடியும் மேலே போய், மறுபடியும் இறங்கியது.

"லிடியா, நீ உள்ள போத்தா" என்றாள்.

அந்தப் பெண் போகும்வரை காத்திருந்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"சோலைமுத்து உங்களை எதுக்கு இங்க அனுப்பினாருன்னு இப்பத்தான் சார் புரியுது. எம்மகளுக்கும் மூணு ஓலையும் வாசிச்சாங்க. யாரும் வாயைத் திறக்கலை. கல்யாணத்தன்னிக்கு நாலு மணிக்குச் சமையல்காரரு வந்துட்டாரு, எட்டு மணிக்குப் பேண்டு செட்டு வந்துருச்சு, ஒம்பது மணிக்குச் சாமியாரும் வந்து பீடத்துல நின்னுட்டாரு."

பத்திரிகையை மடித்து அவர் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"இதுல பேரு போட்டிருக்கிற இந்த மாப்பிள்ளை மட்டும்தான் சார் வரலை."