சிரிப்புக்கு ஒரு பழஞ்சொல்

கட்டிலில் கிடந்த ஈரத் துண்டை மனைவி எடுத்துக் கொடியில் போட்டாள். திட்டவில்லை. சிரித்துக்கொண்டே போட்டாள்.

அகராதி எழுதும் கணவர் பேனாவை வைத்துவிட்டு அவளையே பார்த்தார். முப்பது வருடத்தில் அந்தத் துண்டுக்காக அவர் வாங்காத திட்டில்லை.

"என்னம்மா, பத்து நாளா ஒரே சிரிப்பா இருக்கே?"

"சிரிச்சா குத்தமா? நீங்க உங்க வேலையப் பாருங்க."

மேஜையில் பழைய ஆங்கிலச் சொற்களின் அகராதி, பிழை திருத்த வந்திருந்தது. காலையிலிருந்து அவர் 'ஃபே' என்ற சொல்லைத் தாண்டவில்லை.

"இந்த வார்த்தைக்கு அர்த்தம் தெரியுமா? சாவு நெருங்கினவங்க காரணமே இல்லாம திடீர்னு குஷியாயிடுவாங்கன்னு அந்தக் காலத்துல நம்பினாங்க. அப்படிப்பட்டவங்களுக்குத்தான் இந்தப் பேரு."

"நல்ல வார்த்தை கண்டுபிடிச்சீங்க, போங்க!" அதற்கும் சிரித்தாள்.

"ரெண்டு பேரும் டெஸ்ட் எடுத்தோமே, நீதானே போய் ரிப்போர்ட் வாங்கிட்டு வந்தே? உண்மையச் சொல்லு. உனக்கு ஒண்ணுமில்லையே?"

"எனக்கென்ன? கல்லுக்குண்டாட்டம் இருக்கேன்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது. "என்னைத் தனியா விட்டுட்டுப் போயிடாதே."

அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லிக் கையை உருவிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். குழாயைச் சத்தமாகத் திறந்துவிட்டு மகளுக்குப் போன் போட்டாள்.

"உடனே கிளம்பி வாடி. இனிமே என்னால சிரிக்க முடியாது. அப்பாவுக்கு டாக்டர் சொன்ன ஒரு மாசத்துல பத்து நாள் போயிடுச்சு. அவர் என்னடான்னா, நான்தான் போகப் போறேன்னு அழறாருடி."