மாப்பிள்ளைக்குச் சிவப்பு வட்டம்

தினமும் நோயாளிகள் வருமுன் ஸ்கேன் மேசையில் முதலில் படுப்பவன் ‘மாப்பிள்ளை’தான். வேலைவெட்டி இல்லாமல் படுத்தே கிடக்கும் பிளாஸ்டிக் நெஞ்சுப் பொம்மைக்கு, ஸ்கேன் எடுக்கும் அக்கா வைத்த பெயர் அது. இயந்திரம் ஒழுங்காக இருக்கிறதா என்று அவனை வைத்துத்தான் பார்ப்பார்கள்.

அன்று புது மென்பொருளைப் பொருத்த வந்த இன்ஜினீயரின் மானம் கப்பலேறியது. திரையில், பொம்மையின் வலது நுரையீரலில் ஒரு சிவப்பு வட்டம். ‘புற்றுநோய்ச் சந்தேகம்.’

“மாப்பிள்ளைக்கே கேன்சரா!” டாக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். “காரணமும் சொல்லும்னீங்களே, கேளுங்க.”

இன்ஜினீயர் பொத்தானை அழுத்தினார். ‘சிறு கட்டி. ஓரம் முள் முள்ளாக இருக்கிறது. பக்கத்துச் சவ்வை இழுக்கிறது.’

கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரையருகே குனிந்த டாக்டரின் சிரிப்பு நின்றது. “அது சொல்ற அத்தனையும் இருக்குய்யா.”

“வார்க்கும்போது பிசிறு தட்டியிருக்கும் சார்.”

“பிசிறெல்லாம் இல்ல தம்பி,” என்றார் அக்கா மெதுவாக. “போன வருஷம் ஒரு ஆளோட ஸ்கேனை வெச்சு அச்சு அசலா செஞ்சது. பேர் போடாமத்தான் குடுத்தேன். நல்ல நுரையீரல்னு டாக்டர்தான் பார்த்துச் சொன்னார்.”

டாக்டர் முகத்தில் ஈயாடவில்லை. “யாரோட ஸ்கேன்மா அது?”

அக்கா உள்ளே போய் மாப்பிள்ளையைத் தூக்கித் தரையில் வைத்தார். கழுத்துச் சங்கிலியைக் கழற்றினார். அவன் கிடந்த இடத்தில் ஏறிப் படுத்துக்கொண்டார்.