றுமைஸின் ஐந்து வசனங்கள்

"இந்த றுமைஸின்ர பேரை இண்டைக்கு வெட்டப்போறன்" என்று சொல்லிக்கொண்டே குணமணி மாஸ்டர் சிவப்புப் பேனையின் மூடியைக் கழற்றினார்.

எதிர்க் கதிரையில் இருந்து கொப்பி திருத்திக்கொண்டிருந்த நஸ்ரின் ரீச்சர் நிமிர்ந்து பார்த்தார். உட்துறைமுக வீதியில் இருக்கும் அந்த டியூட்டரியில் மாஸ்டர் பெரியவர்களுக்கு ஆங்கிலம் படிப்பிக்கிறார். ரீச்சர் கணிதம்.

றுமைஸ் கிண்ணியாவில் இருந்து வந்தவன். வள்ளத்தொழிலை விட்டு நிலாவெளியில் ஒரு ஹோட்டல் வேலைக்குப் போகும் எண்ணத்தில் சேர்ந்தவன். முதல் மாதம் முழுக்க முன்வாங்கில் இருந்தான். தெரியாத சொல்லையும் துணிந்து சொல்லிவிட்டு, பிழை என்றால் எல்லோருக்கும் முதல் தானே சிரிப்பான். மாஸ்டருக்கு அவனை நன்றாகப் பிடித்துப்போயிற்று. இப்போது இவ்வளவு கோபம் வருவதும் அதனால்தான்.

இரண்டு மாதமாக ஆள் வகுப்புப் பக்கம் தலைகாட்டவில்லை. போன் எடுத்தாலும் பதில் இல்லை. வாட்ஸ்அப்பில் கொடுக்கும் வீட்டுவேலை மட்டும் ஒரு நாள் தவறாமல், கொப்பியைப் படம்பிடித்தபடி வந்துவிடும்.

"எழுத்தைப் பாருங்கோ ரீச்சர். முந்திக் கோழி கிளறின மாதிரி எழுதினவர், இப்ப அச்சு மாதிரி எழுதுறார். வீட்டில இருந்து வடிவாய் எழுத நேரம் இருக்கு, இஞ்ச வர மட்டும் ஏலாது."

வரும் சனிக்கிழமை பேச்சுப் பரீட்சை. பெயர் வெட்டுப்பட்டால் அதற்கு இருக்க முடியாது. சான்றிதழும் இல்லை, ஹோட்டல் வேலையும் இல்லை. பாவம், என்ன கஷ்டமோ என்று ரீச்சர் பரிந்து பேசிப் பார்த்தார். மாஸ்டர் மசியவில்லை. வராதவர் பெயரை வைத்திருக்க மாட்டார், ஒருவருடைய இடத்தில் இன்னொருவரைப் படிக்க விடவும் மாட்டார். முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிடுகிற சட்டம் அது.

இன்று காலையில் அவனுக்குக் குரல் பதிவு ஒன்றும் அனுப்பியிருந்தார். 'மஸ்ட்' என்ற சொல்லை வைத்து, சொந்த வாழ்க்கையில் இருந்து ஐந்து வசனம் எழுதச் சொல்லிவிட்டு, கடைசியில் கோபத்தையும் கொட்டியிருந்தார்.

"ஆம்பிளை எண்டால் வீட்டை விட்டு வெளியில வாரும். வராட்டில் உம்மட பேரை வெட்டிப்போடுவன்."

பத்து நிமிடத்தில் ஐந்து வசனமும் வந்துவிட்டன. மாஸ்டர் போனை ரீச்சரிடம் நீட்டினார். ஆங்கிலத்தில் பிழையே இல்லை. ரீச்சர் மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டு வாசித்தார்.

நான் கட்டாயம் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

நான் கட்டாயம் இரண்டு பிள்ளைகளையும் வளர்க்க வேண்டும்.

நான் கட்டாயம் அந்த ஹோட்டல் வேலையை எடுக்க வேண்டும்.

நாலு மாதமும் பத்து நாளும் முடியும் வரை நான் கட்டாயம் பொறுக்க வேண்டும்.

நீங்கள் கட்டாயம் இந்தப் பெயரை வெட்டாமல் இருக்க வேண்டும்.

"வாத்தியாருக்கே கட்டாயம் போடுறார்" என்றார் மாஸ்டர். "அதைக்கூட விடுங்கோ. நாலாவதில என்ன கணக்கு அது? நாலு மாசம் எண்டால் நாலு மாசம். அந்தப் பத்து நாள் என்னத்துக்கு? சாட்டுச் சொல்லுறதுக்கும் ஒரு ஒழுங்கு வேணாமே?"

ரீச்சர் நாலாவது வசனத்தைத் திரும்பவும் வாசித்தார். பிறகு அந்த அச்சு மாதிரியான எழுத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். அவருடைய கண் கலங்கியதை மாஸ்டர் கவனிக்கவில்லை. அவர் இடாப்பில் றுமைஸின் பெயரைத் தேடிப் பிடித்துப் பேனையை வைத்துவிட்டார்.

ரீச்சர் எட்டி, அந்தப் பெயரைக் கையால் மறைத்தார்.

"வெட்டாதீங்க சேர். எங்கட வாப்பா மௌத்தாகி அடக்கினதுக்குப் பிறகு உம்மாவும் வெளியில இறங்காமல் நாலு மாசமும் பத்து நாளும்தான் இத்தா இருந்தவ. இத எழுதினது றுமைஸ் இல்ல, அவர்ர பொண்டாட்டி. காலையில நீங்க அனுப்பின வொய்ஸையும் அவதான் கேட்டிருப்பா."