பத்தடி தள்ளி

பினாங்குப் படகுத்துறையின் பலகைகளில் காலை வெயில் ஈரத்தை உலர்த்திக்கொண்டிருக்கிறது. தொழுநோய் கண்டவர்களை ஜெரஜாக் தீவுக்குக் கொண்டுபோகும் படகு புகைவிட்டபடி நிற்கிறது. அருளப்பன் ஏறிவிட்டான், துணி சுற்றிய கையை மடியில் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். கரையில் அவன் மனைவி ஜெபமணி தனியாக நிற்கிறாள். சபையார் வந்துதான் இருக்கிறார்கள். ஆனால் எல்லாரும் பத்தடி தள்ளி, கொட்டகை நிழலில், மூக்கைப் பொத்தியபடி நிற்கிறார்கள். எட்டு வருஷமாகக் கோயிலில் அவள் பக்கத்திலேயே முழங்காலிட்ட எஸ்தரக்கா அங்கிருந்தே குரல் கொடுக்கிறாள்: “ஆண்டவர் உன்னைக் கைவிட மாட்டாரு, ஜெபமணி. நாங்க தினமும் ஜெபத்துல நினைச்சுக்குவோம்.”

“ஜெபத்தை வீட்லருந்தே பண்ணலாம்க்கா,” என்கிறாள் ஜெபமணி. “இப்ப வந்து என் கையைப் பிடிச்சுக்குங்க. என்னால நிக்க முடியல.”

எஸ்தரக்காவின் கால் ஓரடி முன்னால் வருகிறது. அவள் புருஷன் முழங்கையைப் பற்றிப் பின்னால் இழுக்கிறான். சங்கு ஊதுகிறது. கயிற்றை அவிழ்க்கிறார்கள். படகுக்கும் கரைக்கும் நடுவில் பச்சைத் தண்ணீர் அகன்றுகொண்டே போகிறது. நிழலில் நிற்பவர்கள் கீர்த்தனை எடுக்கிறார்கள், நல்ல குரலில், ராகம் பிசகாமல். பிடித்துக்கொள்ள வேறெதுவும் இல்லாமல், ஜெபமணி படகு கட்டியிருந்த மரக்கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொள்கிறாள்.