ஒண்ணுமில்ல

செத்துப்போன மனைவியின் செல்போன் அடித்தது. திரையில் வந்த பெயரைப் பார்த்ததும் மெக்கானிக்கின் காது சூடேறியது. ‘ஒண்ணுமில்ல’ என்று இருந்தது.

அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைத் தின்கிற லூபஸ் நோய்; கன்னத்தில் சிவப்புத் தடிப்பாகத் தொடங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் அந்தப் பெயரைச் சொன்னபோது சிறுநீரகம் இரண்டும் போய்விட்டிருந்தன. அந்த நோயை ஆராய்கிறவர்களுக்குப் பணம் திரட்ட, அவள் பெயரில் ஓர் அறக்கட்டளை வைத்து வருஷா வருஷம் பூங்காவில் நினைவு நடை நடத்துகிறான். இன்றைக்கும் அதற்குத்தான் பூங்காவில் நிற்கிறான். நோட்டீஸில் இருப்பது அவளுடைய பழைய நம்பர்தான். அதை மாற்ற அவனுக்கு மனசு வரவில்லை.

அவள் யாரையும் சொந்தப் பெயரில் பதிந்து வைத்ததில்லை. அண்ணன் ‘பார்க்கலாம்’. மாமியார் ‘நான் அப்பவே சொன்னேன்’. புருஷன் ‘இதோ வந்துட்டேன்’. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு அதைச் சொல்லிவிட்டு மூன்று மணி நேரம் கழித்து வீட்டுக்குப் போகிறவனுக்கு வேறு என்ன பெயர் வைப்பாள், பாவம்.

சரி, இந்த ‘ஒண்ணுமில்ல’ யார்?

அவள் இருந்தபோதே ஒருநாள் கேட்டிருக்கிறான், போனில் யாரென்று. “ஒண்ணுமில்ல” என்று சொல்லிச் சிரித்தாள். மறைக்க வேண்டிய ஆளுக்குத்தானே இப்படிப் பேரில்லாத பேர் வைப்பார்கள்! அன்றைக்குத் தைத்த முள் இன்னும் உள்ளே கிடக்கிறது. மாசத்தில் இரண்டு சனிக்கிழமை, பக்கத்தில் போய்விட்டு வருகிறேன் என்று தனியாகக் கிளம்புவாள். ஆரம்பத்தில் அவனையும் கூப்பிட்டாள். அப்புறம் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டாள். நிறுத்தியதுதான் அவனுக்குச் சந்தேகம்.

போனை எடுத்தான். நடை ஆரம்பிக்கும் இடத்தை மாற்றிவிட்டீர்களா என்று ஓர் ஆண்குரல் மரியாதையாகக் கேட்டது. கிழக்கு வாசல் என்றான். எதிரே வேப்பமரத்தடியில் போனைக் காதில் வைத்திருந்த ஓர் ஆள், தலையாட்டிக்கொண்டே கிழக்கு வாசலைப் பார்த்து நடக்க ஆரம்பித்தான்.

அட, அந்த அழுமூஞ்சி!

மூன்று வருஷமாக வருகிற ஆசாமி. உறவுமில்லை, அக்கம்பக்கமுமில்லை. மடிப்புக் கலையாத சட்டை, அழுக்கென்றால் என்னவென்றே தெரியாத நகம். அவள் படத்துக்கு முன்னால் கால் மணி நேரம் நிற்பான். கட்டின புருஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்க்க, இவன் நின்று அழுவான். மெக்கானிக்குக்கு வயிறு எரிந்தது. அழுவதில்கூட ஒருத்தன் போட்டிக்கு வருவானா?

பதிவு மேஜையில் இருந்த கொழுந்தியாள் அவன் பார்வை போன திசையைப் பார்த்தாள்.

“அந்த ஆள் சரியில்ல மாமா. வர்ற பொம்பளைங்க முகத்தையே உத்து உத்துப் பார்க்கிறான். போன வருஷம் ஒரு பொண்ணுகிட்ட, தொப்பியைக் கழட்டும்மான்னானாம்.”

போதாதா? பதினோரு வருஷம் குடித்தனம் நடத்தியவள் தன்னவள்தானா என்று தெரியாமல், அவள் படம் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு அவன் எப்படி நடப்பான்? ஒலிபெருக்கியில் எல்லாரையும் வரிசையில் நிற்கச் சொன்னார்கள். அவன் வரிசையை விட்டு நேராகக் கிழக்கு வாசலில் வைத்திருந்த அவள் படத்தருகே போனான். ஆசாமி அதற்குள் அழ ஆரம்பித்திருந்தான்.

கிரீஸ் போகாத விரல்களைப் பேன்ட் பையில் திணித்துக்கொண்டு மெக்கானிக் பக்கத்தில் நின்றான்.

“இவ என் பொண்டாட்டி.”

“தெரியுங்க.”

“அவ போன்ல உங்க நம்பர் இருக்கு. ஆனா உங்க பேரு இல்ல.”

போனை அந்த ஆளின் முகத்துக்கு நேரே நீட்டினான். எப்படி மழுப்புகிறான் பார்க்கலாம் என்று காத்திருந்தான். ஆசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, அந்த ஒரு வார்த்தையை மறுபடி மறுபடி படித்தான். அப்புறம் படத்தின் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

“சரியாத்தான் போட்டிருக்காங்க” என்றான்.

மெக்கானிக் குனிந்தான். இத்தனை வருஷமாக யாரிடமும் கேட்காததை ஒருவழியாகக் கேட்டுவிட்டான்.

“அவளுக்கு நீங்க யாரு?”

“‘ஒண்ணுமில்லம்மா, வெறும் வெயில் அலர்ஜி’ன்னு ரெண்டு வருஷமா களிம்பு எழுதிக் கொடுத்தவன்.”