ஐந்து விரல்கள்

சாயங்கால வெயில் ஜன்னல் வழியாகச் சாய்ந்து தையல் மிஷின் மேல் விழுகிறது. தையற்காரரின் வலது காலை மடியில் ஏந்தியபடி தரையில் உட்கார்ந்திருக்கிறாள் அவர் மனைவி. மிஷினடியில் பொட்டுப் பொட்டாக ரத்தம் கிடப்பதைப் பார்த்துத்தான் அவள் ஓடி வந்தாள். காலையில் முறிந்து விழுந்த ஊசித்துண்டு உள்ளங்காலில் பாதிக்கு மேல் புதைந்திருக்கிறது. அதோடுதான் நாளெல்லாம் மிஷினை மிதித்திருக்கிறார்.

“உங்களுக்குத் தெரியவே இல்லையா?”

“தெரிஞ்சா மிதிப்பேனா?” என்று சிரிக்கப் பார்க்கிறார். சிரிப்பு வரவில்லை. பதினைந்து வருஷமாக வாயைக் கட்டி, வேளை தவறாமல் மாத்திரை விழுங்கியும் சர்க்கரை காலுக்கு இறங்கிவிட்டது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டு ஊசியைப் பிடுங்குகிறாள். யாருடைய காலையோ பார்ப்பதுபோல் அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். பஞ்சு சிவக்கிறது.

“கண்ணை மூடிக்கங்க. எந்த விரலைப் பிடிச்சிருக்கேன்னு சொல்லுங்க.”

மூடிக்கொள்கிறார். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துப் போகிறார்கள். அவள் மூச்சு காத்திருப்பது கேட்கிறது.

“பெருவிரல்.”

பதில் இல்லை.

“சுண்டுவிரலா?”

கண்ணைத் திறக்கிறார். ஐந்து விரல்களையும் சேர்த்து, தன் விரல்முட்டிகள் வெளுக்க, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருக்கிறாள் அவள்.