கையைத் தூக்கினால் போதும்

சைரன் அலறத் தொடங்கியதும் ரெங்கம்மா கேத்தலை அடுப்பில் ஏற்றிவிட்டு வாசலுக்கு வந்தாள். மேட்டைப் பார்த்து வலது கையைத் தூக்கினாள்.

அடுத்த வாசலிலும் ஒரு கை உயர்ந்தது. அதற்கடுத்ததில் இடுப்பில் பிள்ளையோடு நின்ற ஒருத்தி, பிள்ளையின் கையையும் சேர்த்துத் தூக்கினாள்.

மேட்டில், சைரன் கம்பத்தடியில் நின்ற நப்ரீஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை மாலை. கொழுந்து நிறுத்து முடித்து எல்லாரும் திரும்பிவிட்ட நேரம். ஹாலிஎலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான இந்த லயத்தில், சனிக்கிழமை சைரன் அடித்தால் தேத்தண்ணி நேரம் என்று அர்த்தம்.

நப்ரீஸ் மண்சரிவு எச்சரிக்கைக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளன். பதுளையில் வீடு. வார நாட்களில் அலுவலகம், கூட்டம், கூட்டத்தில் என்ன பேசினோம் என்று ஓர் அறிக்கை, அந்த அறிக்கையைப் பற்றிப் பேச இன்னொரு கூட்டம். வியாழன் மாலை பட்மின்டன், பெரும்பாலும் தோல்விதான். ஞாயிற்றுக்கிழமை லவ் பேர்ட்ஸ் கூட்டைக் கழுவுவான்.

சனிக்கிழமை கடைத்தெரு வேலைகளை முடித்துக்கொண்டு, அப்படியே மோட்டார் சைக்கிளில் மேலே வந்து சைரனைச் சோதிப்பான். வாரத்தில் அவன் உருப்படியாகச் செய்யும் வேலை இது ஒன்றுதான் என்று மனைவி ஷிப்னா கேலி செய்வாள். அவனுக்கு அதில் கொஞ்சம் பெருமைதான். ஒரு சனிக்கிழமையைக்கூட விட்டதில்லை.

இன்றும் வண்டியில் பை தொங்கியது. பறவைகளுக்குத் தினை, வார் தைத்து வாங்கிய ஷிப்னாவின் செருப்பு, காஸ் அடுப்புக்கு ஒரு புதுக் குழாய்.

முதன்முதலில் சைரனைச் சோதித்த அன்று லயமே ஓடியது. மண்சரிவு ஒரு லயத்தையே விழுங்கிய மீரியபெத்தவை யாரும் மறந்திருக்கவில்லை. பிள்ளைகளை வாரிக்கொண்டு, அடுப்பைக்கூட அணைக்காமல், எதிர்ப்பக்கத்துக் கோயில் மேட்டுக்கு ஓடினார்கள்.

அந்த ஓட்டத்தில் ரெங்கம்மா வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மாதக்கணக்கில் அவளால் கொழுந்து பறிக்க முடியவில்லை.

நப்ரீஸுக்கு மனசு தாங்கவில்லை. அடுத்த சனிக்கிழமை லயத்துக்கே இறங்கி வந்து வாசல் வாசலாகச் சொன்னான்.

"சோதனைதானே, ஓட வேணாம். சத்தம் கேட்டா வாசலுக்கு வந்து கையத் தூக்குங்க, போதும். எல்லார் கையும் தெரிஞ்சதும் நான் நிப்பாட்டிருவேன்."

உண்மையான ஆபத்து என்றால் சைரன் நிற்காமல் அடிக்கும் என்றும் சொல்லத்தான் செய்தான். அது யார் மனதிலும் தங்கவில்லை. கையைத் தூக்குவது மட்டும் தங்கிவிட்டது.

தங்கமான மனிதர் என்று லயத்தில் அவனுக்குப் பெயர்.

இப்போது எல்லா வாசலிலும் கை உயர்ந்துவிட்டது.

நப்ரீஸ் சுவிட்சை அணைக்கவில்லை.

கம்பத்துக்குச் சற்றுத் தள்ளி ஓர் ஊற்று உண்டு. வந்ததும் அதில் முகம் கழுவிக்கொண்டுதான் வேலையைத் தொடங்குவான். வாரம் முழுக்கப் பெய்த மழை காலையில்தான் விட்டிருந்தது. இன்று சைரனைப் போடுவதற்கு முன், குனிந்து கையை நீட்டியவன் அப்படியே நின்றுவிட்டான். எந்த மழையிலும் தெளிவாக வரும் ஊற்று, செம்மண்ணைக் கரைத்துக்கொண்டு கொட்டியது.

நிமிர்ந்து பார்த்தான். தேயிலை நிரைகளுக்கு நடுவே நிலம் நீளமாகப் பிளந்திருந்தது. பிளவின் கீழ்ப்பக்கம் ஏற்கனவே ஒரு முழம் இறங்கியிருந்தது.

அதற்கு நேர் கீழே லயம்.

சோதனை செய்யத்தான் வந்தான். இன்று அவன் சோதனை செய்யவில்லை.

ரெங்கம்மாவின் போனுக்கு அழைப்பு எடுத்தான். மணி போனது. இந்தச் சத்தத்தில் அங்கே யாருக்குக் கேட்கும்? கத்திப் பார்த்தான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. சைரனை நிறுத்திவிட்டுக் கத்தலாம் என்றால், நிறுத்திய மறுநொடி எல்லாரும் உள்ளே போய் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

ஓடினான். லயத்துக்குப் போகும் பாதை பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது. ஓடிக்கொண்டே இரண்டு கைகளையும் தலைக்கு மேலே வீசினான். கோயில் மேட்டைக் காட்டினான். போங்க, போங்க என்று கத்தினான். யா அல்லாஹ், ஒருத்தராவது ஓடிவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டான்.

பள்ளத்திலிருந்து பனி ஏறிக்கொண்டிருந்தது. லயத்து வாசலிலிருந்து பார்த்தவர்களுக்கு, பனிக்குள் அவன் கை வீசுவது மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

உள்ளே கேத்தல் கொதித்தது. சைரன் இன்னும் நிற்கவில்லை.

"பாவம், பனியில சேருக்கு நம்ம கை தெரியல போல. அவரே கையக் காட்டிக் கேக்குறாரு" என்றாள் ரெங்கம்மா. "உள்ள இருக்கிறவங்களையும் கூப்புடுங்க. எல்லாரும் ஒண்ணா தூக்குவோம்."

லயம் முழுவதும் வாசலுக்கு வந்தது. ரெங்கம்மா நிலைப்படியில் ஏறி நின்று, முறிந்து கூடிய கையையும் சேர்த்து, இரண்டு கைகளையும் எட்டும் உயரத்துக்குத் தூக்கி ஆட்டினாள்.